என் வீட்டுக்காரர் செத்த படம்

எங்கள் எஸ்டேட்டில் எடுத்த பேய்ப்படத்தின் முதல் பாகத்தில் என் வீட்டுக்காரர் செத்துப்போனார். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். ஜீப்பைக் கேட்டு வந்த சினிமாக்காரர்கள் ஆளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பேய் வயிற்றைக் கிழிக்க, வெளியே வந்த குடலை இவர் கையில் அள்ளிக்கொண்டு ஓட, தியேட்டரே சிரித்தது. இரண்டாம் பாகத்தில் இவருக்கு உடம்பு இல்லை. மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்குவார். நடுநடுவே போட்டோவின் வாயிலிருந்து ரத்தம் கொட்டும்.

உயிரோடு இருக்கிறவர் போட்டோவுக்கு மாலை போடலாமா என்று கேட்டேன். "சினிமாதான புள்ள" என்றார். படம் வந்ததிலிருந்து, இவர் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினால், கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறித் திரும்புகிறவரை எனக்கு வேலை ஓடாது.

இவருக்கோ வேறு கவலை. "மொதப் பாகம் மாதிரி வரலீங்க, ரத்தம் ஜாஸ்தி, சிரிப்பு கம்மி" என்றார் மளிகைக்கடை பாய். அந்தப் போட்டோவைப் பார்த்தால் செத்தவன் மாதிரியே இல்லை, யார் நம்புவார்கள் என்று செல்போனில் எவனோ எழுதியிருந்தான். என்னோடு காப்பி பறிக்கும் அக்கா மட்டும், "நொம்ப நல்லா செத்தாருங்க உங்க ஊட்டுக்காரரு" என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் அதே போட்டோவை ஸ்டேட்டஸாக வைத்துவிட்டுச் சேலத்துக்குப் போனார். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் சாவுச் செய்தியை ஸ்டேட்டஸ்தான் முதலில் சொல்லும். அது இவருக்கு உறைக்கவில்லை.

மதியம் நான் காட்டிலிருந்து சாப்பிட வந்தபோது, செம்மநத்தத்திலிருந்து என் அண்ணன் வந்து வாசலில் நின்றார். பின்னால் முந்தானையால் வாயைப் பொத்தியபடி அண்ணி. அண்ணன் கையில் ரோஜா மாலை, கக்கத்தில் ஒரு புதுச்சேலை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவருகிற கோடி. ஜீப் கவிழ்ந்துவிட்டது, எனக்கு முன்னால் அண்ணனுக்குத் தகவல் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"எந்த வளைவுலண்ணா?" என்றேன்.

"வளைவா? ஊட்டுல இல்லையா கண்ணு? எங்க படுக்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

அவர் ஸ்டேட்டஸைக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. இரண்டாம் பாகம் பார்க்காத அண்ணனிடம் அது சினிமா போட்டோ என்று நானே சொன்னேன். சொன்ன வாயால் சிரிக்க முடியவில்லை. இவருக்குப் போன் அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. மாலையைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அண்ணன் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கூடிவிட்டது. சில பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழவும் தொடங்கினார்கள்.

ஜீப் வந்து நின்றது. இறங்கியவரை அண்ணன் கட்டிப்பிடித்து அழுதார். இவர் மாலையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவே நம்பிட்டீங்களா மச்சான்?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, அத்தனை பேர் முன்னால் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நானுந்தானுங்க நம்புனேன்" என்றேன்.