விற்பதற்காக வைத்த தாழ்ப்பாள்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பார்க்கலாம் சார்'. முப்பத்தோரு வருடம் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் பத்திரமாக வழியனுப்பிவைத்து, எதிலும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் ஓய்வுபெற்ற மகான். வீட்டிலும் அதே நிர்வாகம்தான். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்த அன்றே மனைவி சொன்னாள். "பார்க்கலாம்" என்றார். அதற்குப் பத்தொன்பது வயதாகிறது.

அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. குளியலறையில் இருப்பவர் விடாமல் இருமவேண்டும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் கூடுதலாக இரண்டு இருமல். மகள் இருமியே வளர்ந்து கல்யாணமாகிப் போனாள். புகுந்த வீட்டில் மாமியார் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாராம். சமையலறை ஜன்னலோ பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தது. அடுப்புப் புகைக்குப் போக்கிடம் மனைவியின் கண்கள்தான்.

வீட்டை விற்று மகள் ஊரில் ஃப்ளாட் வாங்கலாம் என்று அவர் ஆரம்பித்தபோது மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. வீடு அவள் அப்பா அவள் பெயரில் எழுதிவைத்தது. அவள் கையெழுத்தில்லாமல் ஒன்றும் நகராது.

"இந்த இருமல்லேருந்து தப்பிச்சாப் போதும்" என்றாள்.

வீட்டுத் தரகர் வந்தார், பார்த்தார், மூக்கைச் சுளித்தார். இப்படியே விற்றால் அடிமாட்டு விலைதான், கொஞ்சம் செலவழித்துச் சீர்செய்தால் கேட்ட விலை கிடைக்கும் என்றார். மைத்துனரோ, வாங்குகிறவன் எப்படியும் இடிக்கத்தான் போகிறான், ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள் என்றார். பார்க்கலாம் சார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு முடிவெடுத்தார். சீர்செய்வது. வரப்போகிறவர்கள் அன்னியர்கள், அவர்கள் முன்னால் மானம் போகக்கூடாது. பெண்டாட்டி மானம் வீட்டோடு சேர்ந்தது. அது எங்கே போய்விடும்?

"நான் பத்தொன்பது வருஷமாக் கேட்டேன். மூஞ்சி தெரியாதவனுக்கு ஒரே வாரத்துல செய்றீங்க."

"விக்கிறதுக்காகச் செய்றேன். புரியாமப் பேசாதே" என்றார், எல்லாம் புரிந்தவர்.

தச்சர் வந்து ஜன்னலைப் பெயர்த்து இழைத்து மாட்டினார். கடைசியாகக் குளியலறைக் கதவில் கனமான பித்தளைத் தாழ்ப்பாள் வைத்தார்.

"அரைமணி வேலைம்மா இது. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இருமிட்டிருந்தோம்" என்றாள் மனைவி.

அடுத்த நான்கு நாளும் அவள் சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, காற்றில் உட்கார்ந்து காபி குடித்தாள். பார்க்கலாம் சார் ஜன்னலைத்தான் கவனித்தார். பளபளப்பு திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் ஒரு தம்பதியை அழைத்துவந்தார். பார்க்கலாம் சார் ஜன்னலை மூன்று தரம் திறந்து மூடிக் காட்டினார், ஏதோ தானே பெற்ற பிள்ளை போல. வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் முன்பணம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்காரம்மாவைத் தேடிப் போனார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. பழக்கதோஷத்தில் இருமலுக்காகக் காத்து நின்றார். உள்ளே சத்தமே இல்லை.

"வெளியே வாயேன். விக்கிறதுக்கு உன் சம்மதம் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"பார்க்கலாம்" என்றது உள்ளிருந்து குரல்.

கதவைத் தள்ளிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. தச்சர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.