பாடு நாளில் ஒரு படகுச் சவாரி

எண்பதுகளில் பினாங்கிலிருந்து வந்த மருத்துவ மாணவி நான். பழவேற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரமெல்லாம் டாக்டர் பின்னால் நின்று கவனிப்பதுதான் வேலை. கால் கடுத்துப்போகும். சனிக்கிழமை வந்தால் எங்காவது ஓடிவிடத் தோன்றும். அப்படித்தான், மனைவிக்குத் தினமும் ஊசி போட அழைத்து வரும் மீனவரிடம், "பூநாரை பார்க்கப் படகில் கூட்டிப் போவீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

பகலெல்லாம் ஏரியைச் சுற்றிவிட்டுக் கரையிறங்கியபோது அவர் தம்பி கத்தினார்.

"இன்னாண்ணா, ஏரியில வலை போட இன்னிக்கு நம்ம மொற, நம்ம பாடாச்சே! வுட்டா அடுத்த முறை எப்பவோ!"

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"ஊசி போடறவங்க கேக்கறீங்க. எப்டிம்மா மாட்டேன்னு சொல்றது?"

நான் ஊசி போடுகிறவள்கூட இல்லை, வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவள். ஊர் திரும்பும்வரை அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.