லீனியர் பெட்டி விமானம் ஏறிய நாள்

அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அண்ணன். அண்ணனின் மகள். நான். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். பெட்டிக்கு பிளாஸ்டிக் சுற்றுகிற மலாய்க்காரர். சுற்றிலும் கூட்டம்தான். எங்களுக்கு இவ்வளவு பேர்தான் கணக்கு.

அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை. அதே ஊர், பிரிக்பீல்ட்ஸ்காரர். கண் தெரியாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பக்கத்து ஊரான கிள்ளானில் லோரி ஓட்டுகிறேன். வீட்டில் இருந்தே உலகம் பூரா பேசுகிற ஹேம் ரேடியோவில்தான் பழக்கம். சாயங்காலம் அவர் கூப்பிடுவார், நான் பதில் கொடுப்பேன். ஜப்பான்காரன், ஆஸ்திரேலியாக்காரன் எல்லாம் அவருக்குக் கூட்டாளிகள்.

அண்ணி தவறிப்போன பிறகு, அவரைக் கடல் தாண்டி கோத்தா கினபாலுவில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போக மகள் வந்தது. அவர் ஒன்றுதான் கேட்டார். லீனியர் கூட வரணும். ரேடியோவின் பலத்தைக் கூட்டித் தூரத்துக்குத் தள்ளுகிற பெட்டி அது. கையால் தடவித் தடவி அவரே செய்தது. புது ஊரில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெட்டி கெட்டால் அவருக்குப் பேச ஆளில்லை.

கட்டியது நான். லோரிக்குக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டேன். ஒரே பெட்டி, சுற்றி பட்டை, நல்ல இறுக்கம். லோரியில் நானே ஏற்றுவேன், நானே இறக்குவேன். விமானத்தில் யார் எப்படிப் போடுவான் என்று நினைக்கவில்லை. கண்ணாடி வால்வுகளை மட்டும் அண்ணன் கழற்றி, காலுறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கவுண்டர் பெண் எடையைப் பார்த்தது.

"அங்கிள், முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல ஒரு பெட்டி போகாது. காசு கட்டினாலும் போகாது."

"கொஞ்சம்தானேம்மா கூட இருக்கு" என்றேன்.

"இதுவா கொஞ்சம்? தூக்குறவங்க இடுப்பு என்னாகும்? ரெண்டாப் பிரிச்சுக் கொண்டாங்க. இன்னும் நேரம் இருக்கு."

மகளுக்கு அலுத்துவிட்டது. "அப்பா, விட்டுட்டு வாங்க லா. அங்க புதுசு வாங்கித் தரேன்."

"உங்கம்மாவும் காலம் பூரா இதையேதான் சொன்னா. கேட்டேனா?" என்றார் அண்ணன்.

ஸ்க்ரூ டிரைவர் இல்லை. பெட்டியை பிளாஸ்டிக் சுற்றுகிற இடத்துக்குத் தள்ளிப் போனேன். அந்த மலாய்க்காரர் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ளே என்ன, கல்லா?" மலாயில் கேட்டார்.

"ரேடியோ, பாங்" என்றேன். பாங் என்றால் மலாயில் அண்ணன்.

"இந்தக் கனமா? பாடுறவன் எல்லாம் உள்ளேயே இருக்கானா?"

சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் சுருள் வந்த கெட்டி அட்டைப்பெட்டி ஒன்றையும் காலி செய்து கொடுத்தார்.

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். கழற்ற வேண்டியது டிரான்ஸ்ஃபார்மர். இரும்பும் செம்பும். பெட்டியில் பாதிக் கனம் அதுதான். வயர்களின் கலரை நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"கலர் உனக்கு, தம்பி. எனக்கு பிளாஸ்டிக் ராஃபியா கயிறு வாங்கிக் குடு."

கயிற்றை மெல்லிசாகக் கிழித்தார். முதல் வயரில் ஒரு முடிச்சு, அது கழன்ற இடத்திலும் ஒரு முடிச்சு. அடுத்ததில் இரண்டு. அங்கே போய் விரலாலேயே பார்த்து மாட்டிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மகளும் சூட்கேஸை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கயிறு கிழித்தது.

டிரான்ஸ்ஃபார்மரை அவர் கைலியிலும் துண்டிலும் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்தோம். மலாய்க்காரர் இரண்டையும் பிளாஸ்டிக் சுற்றினார். காசு வாங்கவில்லை. கவுண்டர் பெண், நான் கேட்காமலே கனம் என்று ஸ்டிக்கர் ஒட்டியது.

மறுநாள் மகள் போன் செய்தது. எங்கேயோ விழுந்து பெரிய பெட்டியின் மூலை நசுங்கி இருந்ததாம். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் அதிலேயே இருந்திருந்தால் பிய்த்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் நொறுக்கி இருக்கும் என்றார் அண்ணன். கவுண்டர் பெண் சரி என்று விட்டிருந்தால், நான் கட்டியது அப்படியேதான் போயிருக்கும்.

நன்றி சொல்ல ஒரு தடவை போனேன். அந்தப் பெண்ணும் இல்லை, அந்த மலாய்க்காரரும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இருவரும் நல்லா இருக்கணும்.

அண்ணன் ஏரியல் கட்டி முடிக்கச் சில வாரம் ஆனது. ஒரு சாயங்காலம் கிள்ளானில் ரேடியோவைப் போட்டேன். இரைச்சலுக்கு மேலே அவர் குரல்.

"தம்பி, எப்படிக் கேக்குது?"

எங்கள் வழக்கத்தில் இதற்கு இரண்டு எண் சொல்வோம். தெளிவுக்கு ஒன்று, ஐந்துக்கு மேல் கிடையாது. பலத்துக்கு ஒன்று, ஒன்பது வரை. பட்டனை அழுத்திச் சொன்னேன்.

ஐந்து, ஒன்பது.