கிராண்ட் சத்தமும் அப்பாவின் தேர்வும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன்தான் எழுதியிருக்க வேண்டும். "வேகமா எழுதறவ நீதானே, நீயே எழுது" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

அப்பா பிறந்தது ஆம்பூர் அருகே. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு பெங்களூர் வந்தார். குடியிருப்பு ஸ்ரீராம்புரத்தில், வேலை பொம்மசந்திரா தொழிற்சாலையில். மெஷின் சத்தத்தை வைத்தே எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுதும் தேர்வில் தேற வேண்டும். இடுப்பு வலியோடு வருடக்கணக்கில் நின்றே வேலை பார்த்தவருக்கு, அந்தப் பதவி என்றால் உட்கார ஒரு நாற்காலி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒன்பதாம் வகுப்பு. அவென்யூ ரோட்டில் பழைய தெசாரஸ் ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு சொல்லைத் தேடினால் அதே பொருளில் பத்துச் சொல் காட்டும் புத்தகம். என் கட்டுரைகளில் எளிய சொற்களைப் பிடுங்கிவிட்டுப் பெரிதாகத் தெரிந்தவற்றை நட்டேன். மிஸ் 'வெரி குட்' போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா பழகுவதற்காக எழுதிவைத்த ரிப்போர்ட்டிலும் கை வைத்தேன். 'ஸ்மால்' என்றிருந்ததை 'பெட்டி' ஆக்கினேன்.

"பெட்டின்னா பாக்ஸ்தானேம்மா?"

"அது தமிழ்ப் பெட்டிப்பா. இது இங்கிலீஷ் பெட்டி. ஸ்மாலுக்கே ஸ்டைலான வார்த்தை."

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

'பிக் நாய்ஸ்' என்று அவர் எழுதியது 'கிராண்ட் நாய்ஸ்' ஆனது. அப்படியே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டார். மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து, "ஏனப்பா, மெஷினுக்கு மதுவேயா?" என்றாராம். கன்னடத்தில் மதுவே என்றால் கல்யாணம். தேர்வில் தேறவில்லை; அன்று ஷிப்ட் முழுக்கச் சிரிப்பு. பல மாதம் அவருக்கு 'கிராண்ட் அண்ணா' என்றே பெயர். இதையெல்லாம் என்னிடம் மட்டும், அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு விசேஷ வீட்டில் சித்தப்பா எல்லோர் எதிரிலும் கேட்டார்: "இந்த வயசுல உனக்கு எதுக்குண்ணா இங்கிலீஷு?"

"என் மண்டைக்கு ஏறலடா" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தேன். அவர் என் பெயரை எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மறு வருடம் அந்தப் புத்தகத்தை அவரே கேட்டார். "எல்லாத்துக்கும் 'ஸ்பாயில்'னே எழுதறேன். பெல்ட்டு ஸ்பாயில், நட்டு ஸ்பாயில். வேற என்னென்ன இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லு."

அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். தேய்ந்தது, தளர்ந்தது, விரிசல் விட்டது, சிக்கிக்கொண்டது...

"இரு, இரு. பெல்ட்டு தேயும். நட்டு தளரும். ஷாஃப்ட்டுதான் விரிசல் விடும்."

சொற்கள் என்னிடம் இருந்தன. எந்தச் சொல் எங்கே உட்காரும் என்பது அவருக்குத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை.

"கிராண்டை எங்கேயாவது போடலாமாப்பா?"

"உன் கல்யாணத்துக்குப் போடு."

அந்த முறை தேறினார். சூப்பர்வைசராகவே ஓய்வு பெறும் எண்ணத்தில் இருந்தவரை இதயம் முந்திக்கொண்டது.

மருத்துவமனைக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ரத்தம் கொடுக்க ஓடிவந்த ஷிப்ட் நண்பர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, அப்பா முதல் தடவை தோற்ற கதையை நீங்கள் இன்னமும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வார்த்தைகளை மாற்றியது நான். அப்பா முதலில் எழுதிவைத்தது சரியாகத்தான் இருந்தது.