ஜனவரியில் நிரப்பிய தோட்டாக்கள்

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் திடலில், ஆகஸ்ட் மாத மதியத்தில் அவரைச் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். சவரம் செய்யாத முகம். பக்கத்து மேசையில், வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களை வெயில் படாமல் துண்டால் மூடி வைத்திருந்தார். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் காலிக் கூட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். இருவரும் தமிழ் என்பது வந்தவுடனேயே தெரிந்துவிட்டது.

திடீரென்று அவர் துப்பாக்கியின் போல்ட், காலிக் கூட்டை எடுக்கத் திறக்கும் தாழ், இறுகிக்கொண்டது. சிரமப்பட்டுத் திறந்தார்.

“என்னாச்சுங்க?” என்றேன்.

“ஜனவரி குளிர்ல லோட் பண்ணது. அப்போ கரெக்டா இருந்துச்சு. இந்தச் சூட்டுல அதே மருந்துக்கு பிரஷர் ஏறிடுது. இந்த வெயில்ல இனி சுடக் கூடாது.”

“பிரிச்சு, மருந்தைக் குறைச்சு மறுபடி லோட் பண்ணலாமே?”

“பண்ணலாம். இதெல்லாம் என் வைஃப் லோட் பண்ணது. மார்ச்ல இறந்துட்டாங்க.”

வெயிலைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

“குளிர் வரட்டும்னு பாக்கறேன்,” என்றார்.

காரில் ஏசியை ஓடவிட்டு, உள்ளே குளிர்ந்த பிறகே தோட்டாப் பெட்டியை முன் சீட்டில் வைத்தார். அவற்றைச் சுட்டுத் தீர்த்தாரா, அப்படியே வைத்திருக்கிறாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.