தணிகாசலம் அண்ணன் வடித்த சோறு

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் பாகூரில் நின்றது. தணிகாசலம் அண்ணன் வழக்கமாக ஏறும் இடம். ஆளைக் காணோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. அவர் மகள். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா. பஸ்ஸ நிறுத்த வேணாம்னு சொல்லிடுங்க." எங்களில் பாதிப் பேர் அங்கேயே இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தோம்.

சேதராப்பட்டு கம்பெனியில் அவரோடு பேக்கிங் செக்ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு அவரது கோபம் தெரியும். சூப்பர்வைசராக அதட்டுவார், பத்து நிமிஷத்தில் டீ வாங்கிக் கொடுப்பார். வீட்டுக் கோபம் அப்படி ஆறுவதில்லை. ஒரு வருடம் அறுவடை முடிந்ததும் எங்களில் சிலரைச் சாப்பிட அழைத்திருந்தார். ஏரிப் பாசனத்தில் சொந்த நிலத்தில் விளைந்த அரிசி. சோறு குழைந்திருந்தது. எங்கள் எதிரிலேயே தட்டைத் தள்ளினார். "இது இன்னா சோறா, போஸ்டர் ஒட்ற பசையா?" அவர் மனைவி மல்லிகா அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்த்துச் சாப்பிடவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போயின. மகள், தன்னைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து எத்தனை நாள் வந்து போக முடியும்? அண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு கரண்டியோடு கட்டியாக வரும். ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா பண்றது? எப்பிடி வச்சாலும் களியா ஆவுது."

"எந்த அரிசிண்ணே?"

"நம்ம நெலத்து அரிசிதான். இப்பத்தான் அறுத்தது."

"புது அரிசி குழையத்தாண்ணே செய்யும். தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம் போடுங்க. பருக்கைய நசுக்கிப் பாருங்க. நடுவுல துளி வெள்ளை தெரியறப்பவே வடிச்சிடுங்க. மிச்சம் ஆவியில வெந்துடும்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்: "அப்ப அது அவ தப்பில்லியா?"

"இல்லண்ணே."

"பழைய அரிசி வாங்கலாம்னு அவ சொல்லுவாம்மா. சொந்த நெலம் வச்சிக்கினு கடையில வாங்கறதான்னு நான்தான் கத்துவன்." மறுநாளே நான் சொன்னபடி வடிக்கத் தொடங்கினார்.

கஞ்சி கொட்டிக் கையில் கொப்புளம் வந்தது. சிலநாள் அரைவேக்காடு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு மல்லிகைப்பூ மாதிரி உதிர்ந்து வந்ததாம். தட்டில் போட்டு அக்காவின் முன்னால் வைத்து, "தப்பு பண்ணிட்டன் மல்லிகா" என்றிருக்கிறார். அக்கா சோற்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இடது கையால் தட்டை இவர் பக்கம் தள்ளினார்.

இதை மறுநாள் அவரே என்னிடம் சொன்னார். "நீயும் சாப்புடுன்னு தள்ளினாளா, அன்னிக்கி நான் தள்ளினத திருப்பித் தள்ளினாளா, தெரியலியேம்மா. வாய் இருந்தா கேட்டுடுவன். நாலு வார்த்த திட்டினாக்கூட போதும்." அதன் பிறகும் அவர் தினமும் வடித்தார். தினமும் அக்காவுக்கு ஊட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அவர் போன அன்று காலையும் ஊட்டி முடித்திருக்கிறார். கை கழுவ எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நாங்கள் போனபோது அக்காவை அவர் தலைமாட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அக்காவின் இடது கை அவர் நெற்றியில் இருந்தது. பெண்கள் எடுத்துவிடப் பார்த்தும் அக்கா எடுக்க விடவில்லை. அதற்கு என்ன பொருள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அண்ணன் அதைப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஒருமுறை கேன்டீனில் நாங்கள் எல்லோரும் அவரை மெச்சினோம்: எந்த ஆம்பளை இப்படிப் பார்த்துக்கொள்வான் என்று. அண்ணன் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். "அவ இத்தினி வருசம் வடிச்சா. அப்ப ஒருத்தராவது மெச்சினீங்களா? நான் மெச்சினனா?" அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி. இனி யார் வீட்டில் சாப்பிட்டாலும், எழுவதற்கு முன் உள்ளே போய், சமைத்தவரிடம் சோறு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவேன்.