மண்டிக்காரன் சுட்ட தேங்காய் வில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். இடம், புதுப்பட்டினத்தில் நானே நின்று கட்டிய என் வீடு.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். மாமல்லபுரம் கடற்கரையில் சைக்கிளில் இளநீர் கட்டி விற்றவன். இன்று திருக்கழுக்குன்றம் ரோட்டில் என் தேங்காய் மண்டி எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அச்சரப்பாக்கத்துத் தோப்புக்காரர்கள், நான் வந்து காயைத் தட்டிப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்கள். தேங்காய் விஷயத்தில் எனக்கு மேலே ஒருவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்டவன் அன்று கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். என் ஒரே மகளுக்கு மூன்றாம் மாதம். முதலில் உண்டானது தங்காமல் போய், இது இரண்டாவது. கஞ்சி, மாதுளை, ரொட்டி எதுவும் அவள் வயிற்றில் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஏற்கெனவே ஒரு தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தோம். நாளைக் காலைக்குள் ஏதாவது உள்ளே தங்காவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டும், எடை இதற்கு மேல் இறங்கினால் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருமகன் வெளிநாட்டு வேலையில். பாரம் முழுக்க எங்கள் தலையில்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவளோ எதற்கும் ஆசைப்படவில்லை. அன்றுதான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நைனா, மகாபலிபுரத்துல வெள்ளக்காரங்க வர்ற கடையில தேங்கா, எலுமிச்ச போட்டு வில்ல வில்லயா குடுப்பாங்களே... அது இருந்தா துன்னுவேன் போல கீது."

அடுத்த நிமிடம் மழையோடு மழையாக வண்டியை எடுத்தேன். போனால் கடை பூட்டியிருந்தது. மழைக்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வருவதில்லையாம். அந்தக் கடையின் சமையல்காரர் பின்தெருவில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"சீசன் இல்ல பெரிசு. தை பொறக்கட்டும், சுடச்சுடத் தர்றேன்" என்றார்.

"தை வரைக்கும் என் பொண்ணு தாங்க மாட்டாப்பா" என்று விஷயத்தைச் சொன்னேன். உடனே வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, செய்முறையை இரண்டு தடவை சொன்னார். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்து தட்டில் அழுத்தி முதலில் சுட வேண்டும். அதன்மேல் தேங்காயைக் கெட்டியான இனிப்பு டின் பாலிலும் எலுமிச்சைச் சாற்றிலும் கலந்து பரப்பி மறுபடி சுட வேண்டும். எலுமிச்சைத் தோலை மேலாகச் சீவிப் போட வேண்டும், வெள்ளை சேர்ந்தால் கசக்கும். முட்டை வேண்டாம், வாடை ஆகாது.

"தேங்கா மட்டும் பாக்கெட் தூளு வாங்கிக்க. எண்ண எடுத்த தூளு, அதான் லேசா இருக்கும்."

"மண்டிக்காரன் வூட்ல பாக்கெட் தேங்காயா? என் மானம் இன்னா ஆவறது?"

"அவ துன்னப்போறது தேங்காயையா, உன் மானத்தையா?" என்று சிரித்தார். காதில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

வரும் வழியில் மண்டியில் இறங்கி, நூறு காயைத் தட்டி, இருப்பதிலேயே முற்றின நெற்றாக எடுத்தேன். எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்தான் எங்கள் தொழிலில் ராஜா. மருமகன் வாங்கி வைத்திருந்த ஓவனை அதுவரை நான் தொட்டதில்லை.

"தேங்கா ஒடைக்கிறேன்னு சமயக்கட்ட ஒடைச்சிடாதய்யா" என்றாள் மனைவி.

ஓவனைத் திறந்தபோது வில்லையின் மேலே எண்ணெய் மினுமினுவென்று மிதந்தது. வீடு முழுக்கக் கொப்பரை வாசனை. எனக்கு வாயூறியது. மகள் வாசலுக்கு ஓடினாள். சற்று முன் குடித்த இரண்டு வாய் கஞ்சியும் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை இறங்கிக் கிடந்தது.

"எண்ண நாத்தம் கொடலப் பொரட்டுது. மசக்கக்காரிக்கு எண்ணயக் காட்டுவாங்களா? போயி அந்தப் பாக்கெட்டையே வாங்கினு வா" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது.

இனி என்ன மானம்? பஜாரில் கடை கடையாக ஏறினேன். ஒரே ஒரு கடையில் இருந்தது. பிரித்து மோந்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. நனைந்தபடி நின்றபோதுதான் மண்டியில் ஒதுக்கிப்போட்டிருந்த அரைக் காய்கள் நினைவுக்கு வந்தன. மரத்திலிருந்து முந்திப் பறித்துவிட்ட காய்கள். எண்ணெய் ஏறியிருக்காது. சமையலுக்குப் பால் வராது என்று யாரும் தொட மாட்டார்கள். ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் சத்தமே கேட்காது.

நாலு காயை அள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி துருவினாள். நான் பிழிந்து, வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டினேன். ஓவனில் வைத்த பிறகு கரண்ட் இரண்டு முறை கண் சிமிட்டியது. ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் வந்தது. இந்தத் தடவை எலுமிச்சை வாசனைதான் முன்னால் வந்தது.

ஆறவைத்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை நீட்டினேன். நக்கிப் பார்த்தாள். கடித்தாள். விழுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய கொடுமை. மனைவி மடியில் கிண்ணத்தோடு காத்திருந்தாள். நான் மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எச்சில் விழுங்கினால் நானும் சேர்ந்து விழுங்கினேன். ஒரு தடவை வாயைப் பொத்தினாள். மனைவி கிண்ணத்தைத் தூக்கினாள். வந்தது ஏப்பம்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் என்னயே மொறச்சிகினு கீறீங்க? பயமா கீது" என்றாள். வெகு நேரம் கழித்து, "இன்னொரு துண்டு குடு நைனா" என்று கை நீட்டினாள்.

கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். மழையில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், சேர்க்க அல்ல, காட்டிவிட்டு வர. இப்போது பேத்தி வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். புயலில் லோடோடு சிக்கியிருக்கிறேன், வியாபாரத்தில் விழுந்து எழுந்திருக்கிறேன், எதற்கும் பயந்தவன் இல்லை நான். ஆனாலும் இன்றைக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் முதல் வாயை விழுங்கும் வரை எனக்குப் பேச்சு வருவதில்லை.